மேடை ஏறாத பியானோ

நம் பள்ளியின் இசை அறையில் இருந்த பியானோ உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போனவர்களுக்கு அது பூட்டிக் கிடந்த ஒரு பெரிய பெட்டி. விடுதிப் பெண்களுக்குத்தான் அதன் வாசனை தெரியும். எலி புகாமலிருக்க உள்ளே அந்துருண்டை போட்டிருந்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறாமலிருக்க அடியில் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்கும். மூடியைத் திறந்தால் சூடான அந்துருண்டை வாசனை முகத்தில் அடிக்கும். மெழுகுவத்தி வைப்பதற்காக முன்பக்கம் இரண்டு பித்தளைக் கைகள் இருந்தன. இடது கை ஆடும். அதைத் தொட்டால் சிஸ்டர் திட்டுவார்.

எனக்கு இப்போது முப்பது வயது. கே.கே. நகரில் வீடு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். பழசை எழுதும் வயது இன்னும் வரவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்து இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆனால் போன மாதம் என் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் அம்மா சொன்ன ஒன்றைக் கேட்ட பிறகு, பதினெட்டு வருஷமாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைத் திருத்தி எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பியதும், ஆண்டு விழாவில் இந்த முறை ஆர்கெஸ்ட்ரா உண்டு என்று அறிவித்தார்கள். ஐந்து வயலின், இரண்டு ஆர்மோனியம், தபலா, மவுத் ஆர்கன், ஒரு புல்புல்தாரா, அப்புறம் பியானோ. பியானோவுக்குப் பாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். என் திறமையைப் பார்த்துத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். முந்தின வருஷம் ஒரு வயதான சிஸ்டரிடம் நாலைந்து மாதம் கற்றிருந்தேன், அவ்வளவுதான். வயலின் பெண்கள் எல்லாரும் டவுனிலிருந்து வருகிறவர்கள், மணி அடித்ததும் போய்விடுவார்கள். பியானோவுக்கு, சாயங்காலம் முழுக்க இருக்கக்கூடிய ஒருத்தி வேண்டும், அவள் விரலும் எட்ட வேண்டும். விடுதியில் என் விரல்கள்தான் நீளம். காரணம் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

டீச்சர் எனக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றில் எழுதிக் கொடுத்தார். ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணிக்கை. எழுத்து இருக்கும் கட்டத்தில் வாசிக்க வேண்டும். வெறும் கட்டமாக இருந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். என் நோட்டில் வெறும் கட்டங்களே அதிகம். முதல் பாட்டின் தொடக்கத்தில் பதினாறு கட்டம் சும்மா இருக்க வேண்டும். அதற்கப்புறம் இடது கையில் ஸ, ப, ஸ, ப. மெட்டெல்லாம் வயலின்களுக்குப் போய்விட்டது.

"டீச்சர், எனக்குப் பாட்டே வரலையே" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

டீச்சர் ஒரு வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்கு வர்றவங்க பந்தக்காலையா பாக்க வர்றாங்க? நீ ஆடாம நின்னாத்தான் மத்தது நிக்கும். எண்ணு" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை அந்த அறையில் நானும் பியானோவும்தான். ஒரு தடவை விடுதிப் பெண்கள் நாலு பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். என் பங்கை முழுதாக வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"என்னடி இது, மாவு இடிக்கிறாப்ல இருக்கு?"

"நடுநடுவுல நிப்பாட்டுறாளே, மாவு சலிக்கிறா போல" என்றாள் இன்னொருத்தி.

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் போன பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். வேப்பமரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். திருமங்கலம் ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அப்பாவுக்கு உரக்கடை. அம்மாவுக்குக் கைக்குழந்தை, என் தம்பி. வாரம் தவறாமல் வருவோம் என்று சேர்க்கும்போது சொன்னார்கள். தம்பி பிறந்த பிறகு அது மாதம் ஒன்றாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. மூன்று மணிக்கு மேல் இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் சாவி வாங்கிக்கொண்டு இசை அறைக்குப் போய்விடுவேன். வெறும் கட்டங்களை எண்ணும்போது கால் கட்டைவிரலால் தரையைத் தட்டுவேன். ஒன்று, இரண்டு. ஜன்னல் வழியாக மரத்தடி தெரியும். பதினாறு எண்ணுவதற்குள் ஒரு குடும்பம் டிபன் கேரியரைப் பிரித்து, தட்டுகளை எடுத்து, ஒரு பிள்ளைக்கு முதல் வாய் ஊட்டிவிடும். அதற்குள் என் இடது கை மடியிலிருந்து எழுந்தாக வேண்டும்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அரைப் பரீட்சை மார்க் அட்டையைக் கையெழுத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். கணக்கில் முப்பத்தி நாலு. அப்பா கடையிலிருந்து வந்து, யூரியா வாசனை போகாத சட்டையோடு அட்டையைப் பார்த்தார். பிறகு என் பையைத் தானே திறந்தார். கட்டம் போட்ட நோட்டு கையில் வந்தது.

"என்னத்தா இது? பக்கத்துக்கு நாலு எழுத்துத்தான் இருக்கு. மிச்சமெல்லாம் காலியாக் கெடக்கு?"

"அது கணக்கு நோட்டு இல்லப்பா. பியானோ நோட்டு."

"சரி, இந்தக் காலியாக் கெடக்கறது?"

"அங்கன வாசிக்கக் கூடாது. எண்ணிக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "கேட்டியா? சும்மா இருக்கறதுக்கு டீச்சர் வச்சுச் சொல்லிக் குடுக்குறாகளாம். அத நம்ம வீட்டுலயே இருந்துட்டுப் போகலாம்ல."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் பார்த்தேன்.

"இம்புட்டு மார்க்குக்கு மதுரைக்கு எதுக்கு? இங்கனயே பள்ளிக்கூடம் இருக்கு. முழுப் பரீட்சையோட வந்துறட்டும்."

அந்த வார்த்தையின் கனம் எனக்குத் தெரியும். என் பெரியப்பா மகள் உள்ளூர்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்றாள். பதினாறு வயதில் கல்யாணம். விடுதியில் தனியாகக் கிடந்தேன் என்கிறாய், பிறகு வீட்டுக்கு வர என்ன கசப்பு என்று கேட்பீர்கள். தனிமைதான். ஆனாலும் அங்கே எனக்கென்று திறக்கும் ஒரு பெட்டி இருந்தது.

"ஸ்கூல்லயே என்னைய மட்டுந்தான்ப்பா எடுத்திருக்காங்க" என்று படபடவென்று சொன்னேன். "ஆண்டு விழாவுக்கு வந்து பாருங்க. மேடை நடுவுல வைப்பாங்க. மர பீரோ அம்புட்டு ஒசரம் இருக்கும் பியானோ. நான் நீலப் பாவாடை கட்டிக்கிட்டு அதுக்கு முன்னாடி உக்காந்திருப்பேன்."

அப்பா யோசித்தார். "அன்னிக்கு எனக்கு லோடு வரும். ஒங்கம்மா வந்து பாக்கட்டும். நீ சொன்னது நெசம்னா அங்கனயே இருந்துக்க. இல்லையா, பொட்டியக் கட்டிற வேண்டியதுதான்."

மேடை நடுவில் வைப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேறு எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அதைப் பொய் என்று சொல்ல முடியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு சுமை தூக்குகிறவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். வடத்தைக் கட்டி, பியானோவை மைதானம் வரை கொண்டுபோய்விட்டார்கள். மேடைக்கு ஆறு படி. மூன்றாவது படியில் பலகை வழுக்கியது. பியானோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இருந்த அத்தனை கம்பியும் ஒரே சமயத்தில் முனகின. அப்படியொரு சத்தத்தை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை. தலைமை சிஸ்டர் ஓடி வந்தார். "போதும், இறக்குங்க. கீழேயே இருக்கட்டும்."

மேடைக்கு இடதுபுறம், தரையில், படுதாவுக்குப் பின்னால் வைத்தார்கள். அங்கேதான் மாறுவேடப் பிள்ளைகள் உடை மாற்றுவார்கள். சோடாப் பெட்டிகளும் அங்கேதான் அடுக்கியிருந்தன.

"டீச்சர், நான் யாருக்கும் தெரியமாட்டேனே?"

"சத்தம் கேட்கும்ல" என்றார் டீச்சர்.

வார்டனிடம் ஓர் இன்லண்டு லெட்டர் கேட்டேன். கடிதம் எழுதுவது சனிக்கிழமைதான் என்றார். அன்று புதன். எழுதியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்காது. நேரே தலைமை சிஸ்டரிடம் போய் அழுதிருக்கலாம், காரணத்தைச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. சொன்னதைக் கேட்கும் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டேன்.

விழா அன்று நீலப் பாவாடை கட்டிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தூணுக்கும் படுதாவுக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதில் டீச்சரின் வலது கை மட்டும் தெரியும். அந்தக் கை எழுந்தால் பாட்டு, விழுந்தால் முடிவு. படுதாவின் இன்னொரு ஓரத்தை நகர்த்தினால் கூட்டத்தின் பின்பகுதி தெரிந்தது. முதல் பாட்டு சரியாகப் போனது. பதினாறு எண்ணினேன், இடது கை எழுந்தது. என் தலைக்கு மேலே வயலின்கள் வாசிப்பது எனக்கே வேறு யாரோ எங்கேயோ வாசிப்பதுபோலக் கேட்டது.

இரண்டாவது பாட்டின் நடுவில்தான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அரக்குப் புடவை. மேடையைப் பார்த்து எக்கி எக்கி நின்றாள். அம்மாவா? முகம் தெரியவில்லை, நடுவில் ஆட்கள். நான் நன்றாகத் திரும்பிப் பார்த்தேன். கைகள் அதுவாக மடிக்கு வந்துவிட்டன. எழுத்து இருந்த நாலு கட்டங்கள் போய்விட்டன. ஐந்தாவதில்தான் பதறி விழுந்து பிடித்துக்கொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது அங்கே யாரோ ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

முடிந்ததும் டீச்சர் எல்லாரையும் பார்த்து, "நல்லா பண்ணுனீங்க" என்றார். நாலு எண்ணிக்கை விட்டுப் போனது அவருக்கே தெரியவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அங்கே இருந்ததற்கு ஒரு சாட்சியாவது கிடைத்திருக்கும்.

ஓடிப்போய்ப் பள்ளி வாசல் கேட் அருகே நின்றேன். கூட்டம் கலைந்து கடைசிக் கார் போகும் வரை நின்றேன். அம்மா வரவில்லை.

முழுப் பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போகும்போது பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கித்தான் எடுத்துப் போனேன், திரும்பி வரப்போவதில்லை என்று. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அப்பா சொன்னார்:

"ஒங்கம்மா எல்லாஞ் சொன்னா. மேடை நடுவுல, பீரோ கணக்கா ஒரு பொட்டி முன்னாடி, நீலப் பாவாடையில ராணி மாதிரி உக்காந்து வாசிச்சியாம்ல. சரி, படி. கணக்க மட்டும் பாத்துக்க."

அடுப்படியைப் பார்த்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பியானோ மேடை ஏறவே இல்லை. அப்படியென்றால் அம்மா வரவே இல்லை. பொங்கலன்று நான் சொன்னதையே அப்பாவிடம் திருப்பி ஒப்பித்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில் எனக்கு வேறெப்படி யோசிக்கத் தெரியும்? வாயைத் திறந்தால் என் படிப்புப் போகும். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

அடுத்த வருஷம் டீச்சர் கூப்பிட்டபோது, விரல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. பியானோவும் இப்போது அங்கே இல்லையாம். யாராவது பார்த்தால் சொல்லுங்கள். அம்மாவோடு நான் சண்டை போடவில்லை. நல்ல மகளாகத்தான் இருந்தேன். எந்த நிகழ்ச்சிக்கும் அவளைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கல்லூரியில் பரிசு வாங்கியதைக்கூட வாங்கிய பிறகே சொன்னேன். அம்மாவும் நான் எதைச் சொன்னாலும் ஒரு விநாடி தயங்கி, "அப்படியா" என்பாள். தோழிகள் வீட்டுக்கு வந்தால் என்னிடம் கேட்டதையே அவர்களிடமும் இன்னொரு தடவை கேட்பாள். ஏனென்று நான் யோசித்ததில்லை.

போன மாதம் என் மகள், ஆண்டு விழாவில் கடைசி டான்ஸில் தான் இருப்பதாகச் சொன்னாள். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் அவள் பெயர் இல்லை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "இருக்கேம்மா" என்றாள். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு மிஸ்ஸிடமே போய்க் கேட்டேன். பின்வரிசைப் பிள்ளைகளின் பெயரைப் போடவில்லை என்றார் மிஸ். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

விழாவுக்குத் திருமங்கலத்திலிருந்து அம்மா வந்தாள். பேத்திக்காகக் கட்டிய கனகாம்பரத்தை வாழையிலையில் பொட்டலமாக மடியில் வைத்திருந்தாள். மைதானத்தில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மிஸ்ஸிடம் போன கதையைச் சொல்லி, "நான் செஞ்சது தப்பாம்மா?" என்று கேட்டேன்.

"நாங் கேக்காம விட்டேன். நீ கேட்டுட்ட. ரெண்டுமே தப்புத்தான் போல" என்றாள் அம்மா.

"நீ எதைக் கேக்காம விட்ட?"

"ஒங்க பள்ளிக்கூடத்து விழாவுக்கு வந்தேன்ல. மேடையில ஒவ்வொரு புள்ளையாப் பாத்தேன். ஒன்னையக் காணோம். பீரோ மாதிரி இருக்கும்னு சொன்னியே, அதயுங் காணோம். சட்டையில பூக் குத்தியிருந்த ஒரு பெரிய புள்ளகிட்ட கேட்டேன். வாசிக்கிறவங்க எல்லாரும் மேடையிலதான் இருக்காங்கன்னுருச்சு. சரி, புள்ள ஆசைக்கு ஒண்ணு சொல்லிருச்சு, எங்கயோ ஒளிஞ்சு நிக்குதுன்னு நெனச்சேன்."

"நீ வந்தியா?"

"வராம? ஒந் தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன்டி. இதே மாதிரி பூக் கட்டிக் கொண்டாந்தேன். ஒன்னையத் தேடி வந்தா நீ கூனிப் போயிருவியேன்னு பாக்காமலே பஸ் ஏறிட்டேன். பூவை பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு புள்ளைக்கு வச்சுவிட்டேன்."

"அப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா படிப்ப நிறுத்திருவாரு. நீ ஒரு பொய் சொன்ன, நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்."

மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பாட்டுல மட்டும் என்னமோ ஆச்சு. பாலத்து எறக்கத்துல ட்ரைவர் இஞ்சின நிப்பாட்டிட்டு பஸ்ஸ உருள விடுவாருல்ல, அந்த மாதிரி. பஸ்ஸு போகுது, ஆனா அடியில சத்தத்தக் காணோம். தோள்ல தூங்கிட்டிருந்த பய கூட தலையத் தூக்கிப் பாத்தான். அப்புறம் வந்துருச்சு. பக்கத்துல நின்னவககிட்ட கேட்டா, ஒண்ணுமில்லையே, நல்லாத்தான வாசிக்கிறாகங்கிறாக."

டீச்சருக்குத் தெரியாதது. வயலின் பெண்களில் ஒருத்திக்கும் தெரியாதது.

"அது நான்தாம்மா" என்றேன்.

"எது?"

"நின்னுபோன சத்தம். அந்தப் பொட்டி மேல ஏறலை. கீழ, படுதாவுக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க. நான் அங்கனதான் உக்காந்திருந்தேன். ஒன்னையத் தேடுனப்ப வாசிக்க விட்டுப்போச்சு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த மேடையின் இடது ஓரத்தை, அங்கே தொங்கிய பச்சைப் படுதாவை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்திருக்கலாம் நான்" என்றாள்.

"விடும்மா."

"இவ இப்ப எங்கன இருப்பா?"

"அந்தப் படுதாவுக்குப் பின்னாடிதான். கடைசி டான்ஸ்தான, இன்னும் நேரமிருக்கு."

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ இரு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"அங்கெல்லாம் விடமாட்டாங்கம்மா."

"விடலேன்னா திரும்பி வாரேன். இப்ப என்ன?"

உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, வாழையிலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி நடந்தாள். ஓர் ஆசிரியை ஏதோ சொல்ல வந்தார். அம்மா நிற்கவில்லை. என் கால் கட்டைவிரல் செருப்புக்குள் தானாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு வருவதற்கு முன்பே படுதாவின் ஓரம் விலகியது. அம்மா குனிந்து உள்ளே போனாள்.